கோடைக்குழியில் ஒரு முதலை

ஜேர்மன் மொழியில் 'சொம்மர்லொக்' என்றொரு சொல் உண்டு. நேராகத் தமிழாக்கினால் கோடைக்குழி. யூலை, ஓகஸ்ட் மாதங்களில் பாராளுமன்றம் விடுமுறையில் இருக்கும். அமைச்சர்கள் கடற்கரைகளில் இருப்பார்கள். கட்சி அலுவலகங்கள் அரைத் தூக்கத்தில் கிடக்கும். ஆனால் பத்திரிகையின் பக்கங்கள் குறைவதில்லை. தொலைக்காட்சியின் செய்தி நேரமும் சுருங்குவதில்லை. இந்த வெற்றிடத்தைத்தான் குழி என்கிறார்கள். ஒல்லாந்தரும் நோர்வேஜியரும் இதே பருவத்தை வெள்ளரிக்காய்க் காலம் என்பர். எதையாவது போட்டு இந்தக் குழியை நிரப்பியாக வேண்டும். அதில் அடிக்கடி வந்து விழுவது ஒரு மிருகம். அது ஊரும் மிருகமாக இருந்துவிட்டால் ஆசிரியர் பீடங்களுக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

1994 யூலையில் அந்தக் குழிக்குள் விழுந்தது ஒரு முதலை. அதன் பெயர் ஸமி.

கேள்னுக்கும் டுசில்டோர்வுக்கும் இடையில், இரசாயனத் தொழிற்சாலைகளால் அறியப்பட்ட நகரம் டோர்மாகன். அதன் அருகே மணல் அள்ளிய பள்ளத்தில் நீர் நிரம்பி உண்டான ஓர் ஏரி இருக்கிறது. அந்த யூலை மிகக் கொடிய வெக்கை. தான் வளர்த்த முதலையைக் குளிக்கவிட என்று ஒருவர் அந்த ஏரிக்குக் கொண்டுபோனார். அது அவரிடமிருந்து நழுவி நீருக்குள் போய்விட்டது. நடந்தது இவ்வளவுதான். ஆனால் அடுத்த சில நாட்கள் நாடு முழுவதும் அந்த ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. குளிப்பு தடைசெய்யப்பட்டது. பொலிசார், தீயணைப்புப் படையினர், சுழியோடிகள் என்று எல்லோரும் தேடினார்கள். கரையில் தேடியவர்களைவிடப் படம் பிடித்தவர்களின் தொகை அதிகம் என்று பேசிக்கொண்டார்கள்.

ஸமி என்பது என்ன? தென்னமெரிக்காவின் கேமன் என்னும் சிறுமுதலை இனத்தைச் சேர்ந்த ஒரு குட்டி. கண்களுக்கு நடுவே மூக்குக்கண்ணாடியின் பாலம் போல ஓர் எலும்பு மேடு இருப்பதால் இதைக் கண்ணாடிக் கேமன் என்பர். அப்போது அதன் நீளம் 80 சென்ரிமீற்றர் அளவு. நம்மூர் உடும்பு இதைவிட நீளமாக வளரும். அந்த அளவில் ஒரு கேமன் தின்பது பூச்சியும் நத்தையும் சிறுமீனும். பிடிபடாமல் இருந்திருந்தாலும் றைன் நதிப் பக்கத்துக் குளிர்காலத்தை அது தாண்டியிருக்காது. அது ஒருவரையும் கடிக்கவில்லை. சில நாட்களில் பிடிபட்டது.

அந்த நாட்களில் நாம் ஒரு றெஸ்ரோறன்ற் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டும் நின்றோம். உரித்த தோலைக் கொட்டுவதற்கு விரிப்பது முதல்நாள் 'பில்ட்' பத்திரிகை. அக்காலத்தில் நாளொன்றுக்கு நாற்பது லட்சத்துக்கு மேல் விற்ற பத்திரிகை அது. நமது டொச் அறிவு அதன் தலைப்பெழுத்துக்களால் வளர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை. தலைமைச் சமையற்காரர் ஸமியின் படத்தைக் காட்டி, "உங்கள் நாட்டில் இதுகளோடுதானே குளிப்பீர்கள்?" என்று கேட்டுச் சிரித்தார். நம்மோடு நின்ற வன்னி நண்பர் சிரிக்காமலே, "ஓம், அது மற்றக் கரையில் வெயில் காயும், நாங்கள் இந்தக் கரையில் குளிப்போம்" என்றார். அது உண்மை. வன்னிக் குளங்களில் முதலை இருக்கிறது. அதற்குப் பயமும் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஓர் அளவும் இருக்கிறது. எந்த நேரம் எந்தத் துறையில் இறங்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். டோர்மாகனில் நாம் கண்டது அளவில்லாத பயம். அந்தப் பயத்துக்கு ஓர் இன்பமும் இருந்தது.

ஏன் 1994 இல்? இதற்குச் சில காரணங்கள் உண்டு. 1984 இல் ஜேர்மனியில் தனியார் தொலைக்காட்சி தொடங்கியது. பத்து வருடத்தில் அரச ஒளிபரப்புக்களோடு தனியார் நிலையங்கள் கடும் போட்டியில் இறங்கியிருந்தன. போட்டியின் விதி எளிமையானது. மற்றவன் காட்டுவதை நாமும் காட்டாவிட்டால் பார்ப்பவன் விரலால் அழுத்தி அங்கே போய்விடுவான். அதே யூலை 10 ஆம் திகதி உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் பல்கேரியாவிடம் 2-1 என்று தோற்று ஜேர்மனி வெளியேறியது. தொடர்ந்து பார்க்கவென்று இருந்த கண்கள் வேலையில்லாமல் நின்றன. வெக்கையால் ஏரிகளிலெல்லாம் சனம். முதலை இதற்கு மேல் பொருத்தமான வாரத்தைத் தெரிந்திருக்க முடியாது.

இன்னொரு காரணம் பெயர். பெயரில்லாத கேமன் ஓர் ஆபத்து. ஸமி என்று பெயர் சொன்னதும் அது ஒரு கதாபாத்திரமாகிவிடுகிறது. முதல் நாள் பிள்ளைகளைக் கவ்வ வந்த மிருகம், மூன்றாம் நாள் தனிமையில் வாடும் குட்டி. அதைக் கொல்லாமல் பிடிக்கவேண்டும் என்ற அக்கறையும் அதே பக்கங்களில்தான் வளர்ந்தது. பயத்தையும் பாசத்தையும் ஒரே கடையில் விற்கலாம் என்பதை ஸமியின் கதை காட்டியது.

அதே யூலை நடுப்பகுதியில், ருவாண்டாவிலிருந்து எட்டு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் சில நாட்களுக்குள் சயீரின் கோமா நகருக்குள் வந்து சேர்ந்தார்கள். வாந்திபேதி அவர்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. இதுவும் பத்திரிகைகளில் வந்தது. மறைக்கப்பட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த சொல் 'வெள்ளம்'. அந்தச் சொல் நமக்குப் பழக்கமானது. 1991 செப்ரெம்பரில் 'டெர் ஸ்பீகல்' சஞ்சிகை தன் அட்டையில் மனிதர் நிரம்பி வழியும் ஒரு படகை வரைந்திருந்தது. அந்த வருடங்களில் தஞ்சம் கேட்டு வந்தவர்களைப் பற்றிய எழுத்தெல்லாம் வெள்ளம், அலை, பெருக்கு என்று தண்ணீராகவே ஓடியது. 1993 மே 26 இல் அடிப்படைச் சட்டத்தின் தஞ்ச உரிமைச் சரத்து பாராளுமன்றத்தில் திருத்தப்பட்டது. மூன்று நாள் கழித்து, மே 29 அதிகாலை, சோலிங்கனில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டு இரண்டு பெண்களும் மூன்று சிறுமிகளும் மாண்டார்கள். சோலிங்கனுக்கும் ஸமியின் ஏரிக்கும் இடையே முப்பது கிலோமீற்றர்கூட இல்லை.

அகதியையும் முதலையையும் ஒப்பிடுவது நமது நோக்கமல்ல. அப்படி ஒப்பிடுபவர்கள் வேறு ஆட்கள். பயம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதைத்தான் நாம் பார்க்கிறோம். ஜேர்மனியர் அந்நிய நாட்டு மிருகங்களை 'எக்ஸோற்றன்' என்பர். அதே சொல்லின் உரிச்சொல்தான் நமது றெஸ்ரோறன்ற் உணவுப் பட்டியலின் மேல் பொன்னெழுத்தில் இருந்தது.

*

ஸமிக்கு மூதாதையர் உண்டு. 1935 பெப்ரவரி 10 ஆம் திகதி 'நியூயோர்க் ரைம்ஸ்' ஒரு செய்தி வெளியிட்டது. கிழக்கு ஹார்லெமில் 123 ஆம் தெருவில் சில பையன்கள் வீதியில் கிடந்த பனியை நிலக்கீழ்க் கால்வாயின் வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஏதோ அசைந்தது. கயிறு போட்டு இழுத்தால் அலிகேற்றர் என்னும் அமெரிக்க முதலை. ஏறக்குறைய எட்டு அடி நீளம். அது வாயைத் திறந்ததும் பையன்கள் பனி அள்ளும் சவளாலேயே அடித்துக் கொன்றுவிட்டார்கள். தெற்கிலிருந்து வந்த கப்பலொன்றிலிருந்து அது விழுந்திருக்கலாம் என்று ஊகித்தார்கள்.

இந்த ஒரு முதலையிலிருந்து பெரியதொரு ஐதீகம் பிறந்தது. அக்காலத்தில் புளோரிடாவுக்கு உல்லாசப் பயணம் போவோர் அலிகேற்றர் குட்டிகளை ஞாபகப் பொருளாக வாங்கி வருவது வழக்கம். குட்டி வளர்ந்ததும் மலசலகூடத்தில் போட்டுத் தண்ணீரை இழுத்து விடுகிறார்களாம். அவை நகரத்தின் கீழே இருட்டில் வெளிறிப்போய்ப் பெருகுகின்றனவாம். 1959 இல் நியூயோர்க்கின் நிலக்கீழ் உலகைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது. அதில் இக்கதைக்கு ஓர் இடம் கிடைத்தது. 1980 இல் அது சினிமாப்படமாகவும் ஆகியது. கதை பொய்யானாலும் அதனடியில் ஓர் உண்மை இருக்கிறது. குட்டியை விற்றவனும் வாங்கியவனும் அது வளரும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். பழி மட்டும் ஓணானுக்கு.

பாரிஸ் வாசகர்களுக்கு ஒரு செய்தி. 1984 மார்ச்சில், பொன் நெவ் பாலத்துக்கு அருகே நிலக்கீழ்க் கால்வாயில் உண்மையாகவே ஒரு நைல் முதலைக் குட்டி பிடிபட்டது. லாச்சப்பல் கடைத்தெருவிலிருந்து அது அதிக தூரமில்லை. எலியனோர் என்று பெயர் வைத்தார்கள். பிரித்தானிப் பகுதியில் வான் நகர மீன்காட்சிச்சாலைக்குக் கொண்டுபோனார்கள். 2022 வரை அங்கே வாழ்ந்தது. பிள்ளைகள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். கால்வாய்க்குள் பயங்கரம், கண்ணாடிக்குப் பின்னால் செல்லம். மிருகம் மாறவில்லை, இடம் மாறியது.

*

உண்மையான ஆபத்து எங்கே இருந்தது என்று பார்த்தால் வேறொரு வரலாறு தெரியும். முதலைக்குப் பயந்த அதே அமெரிக்கா, உள்ளங்கை அளவு ஆமைக்குஞ்சுகளை லட்சக்கணக்கில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தது. ஆமையின் உடலில் சல்மொனெல்லா என்னும் கிருமி சாதாரணமாக இருப்பது. ஆமையைத் தொட்ட கையைப் பிள்ளை வாயில் வைக்கும். வயிற்றோட்டமும் காய்ச்சலும் வரும். சிறு குழந்தைக்கு உயிராபத்தும் உண்டு. இவ்வாறு நோய்ப்பட்டோர் தொகை பெருகியதால் 1975 இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்க அங்கே தடை வந்தது. எந்த முதலையும் பாம்பும் அமெரிக்க வீடுகளில் இத்தனை பிள்ளைகளைப் படுக்கையில் போடவில்லை. ஆனால் ஆமைக்குஞ்சுக்கு எவரும் கொலைகாரன் என்று தலைப்பிடவில்லை. அதன் முகம் அதற்கு உதவவில்லை.

பின்னர் நிஞ்சா ஆமைகளின் சித்திரக்கதை உலகெங்கும் ஓடியது. காதருகே சிவப்புக் கோடுள்ள ஆமைகள் ஐரோப்பாவிலும் கடை கடையாக விற்பனையாகின. குஞ்சு சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்ததும் இரவோடிரவாக ஏரியில் விட்டார்கள். அவை உள்ளூர் ஆமைகளின் இடத்தைப் பிடித்தன. 1997 இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின் இறக்குமதியை நிறுத்தியது. இதுவும் முதற்பக்கச் செய்தி ஆகவில்லை.

முதற்பக்கத்துக்கு வந்த ஆமை வேறு. 2013 ஓகஸ்டில், தெற்கு ஜேர்மனியின் அல்கொய் பகுதியில் இர்சே என்னும் சிற்றூரின் குளமொன்றில் குளித்த எட்டு வயதுப் பையனின் குதிகால் நரம்பு அறுந்தது. காயத்தைப் பார்த்தவர்கள், அமெரிக்காவின் கழுகலகு ஆமை கடித்திருக்கலாம் என்றார்கள். 1999 முதல் ஜேர்மனியில் தனியார் வளர்க்கத் தடைசெய்யப்பட்ட இனம் அது. குளத்து நீரை வடித்தார்கள். மீன்களை அப்புறப்படுத்தினார்கள். சேற்றைக் கிளறினார்கள். பிடித்துத் தருபவருக்கு 1000 யூரோ என்று அறிவித்தார்கள். ஆமை அகப்படவேயில்லை. அதைக் கண்ணால் கண்டவரும் இல்லை. ஆயினும் அதற்கு லோற்றி என்று பெயர் வைத்து நாடெங்கும் அழைத்தார்கள். பையனின் காயம் மெய். அதை எவரும் சிறுமைப்படுத்த முடியாது. ஆனால் யாரோ ஒருவர் தடையை மீறி வளர்த்து, பின் பயந்து, இரவில் கொண்டுவந்து விட்டிருக்கக்கூடும் என்ற கேள்வி இரண்டாம் பட்சமாகிவிட்டது. மிருகத்துக்குப் பெயர் கிடைத்தபின் மனிதனைத் தேடுவது குறைந்துவிடுகிறது.

*

பயத்துக்கு நியாயமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம்.

2010 மார்ச்சில் றூர் நதிக்கரை முல்ஹைமில் ஓர் இளைஞரின் மேல்மாடி வீட்டிலிருந்து நாகக்குட்டியொன்று தப்பியது. படத்தில் ஒற்றை வட்டமுள்ள ஆசிய நாகம். 30 சென்ரிமீற்றர்தான், ஆனால் விஷம் விஷம்தான். அந்த வீட்டைத் தரை, சுவர் என்று பெயர்த்தெடுத்தார்கள். சில வாரங்களின் பின், பிடிக்கவென்று ஒட்டிவைத்த பசைநாடாவில் ஒட்டிச் செத்துக் கிடந்தது. ஊர் சிரித்தது, மறந்தது.

ஒன்பது வருடங்களின் பின், 2019 ஓகஸ்ட் இறுதியில், அதே றூர் பிரதேசத்தின் ஹேர்ன நகரில் அதே இனம். இம்முறை ஒன்றரை மீற்றர் அளவு வளர்ந்த பாம்பு. மாடிக்கட்டிடம் ஒன்றில் அதைக் கண்டார்கள். நான்கு வீடுகளிலிருந்து சுமார் முப்பது பேர் வெளியேற்றப்பட்டார்கள். ஊர்ந்த தடம் தெரியட்டும் என்று மாவைத் தூவினார்கள், பசைநாடாவை ஒட்டினார்கள். சில நாட்களின் பின் கட்டிடத்துக்கு அருகிலேயே பிடித்தார்கள். ஒருவரும் கடிபடவில்லை. பக்கத்தில் வசித்த ஒருவரிடமிருந்து இருபது அளவில் விஷப்பாம்புகள் அகற்றப்பட்டன.

அந்த முப்பது பேரின் பயம் பத்திரிகை செய்த பயமல்ல. வீட்டுக்குள் நாகம் என்றால் நாமும் வெளியேதான் நிற்போம். இங்கே கேட்கவேண்டியது வேறு கேள்வி. நாய்க்குப் பதிவும் வரியும் உள்ள அந்த மாநிலத்தில், 2010 இல் முதல் எச்சரிக்கை கிடைத்த பின்னும், கொல்லும் விஷமுள்ள பாம்பைப் படுக்கையறையில் வைத்திருக்க ஏன் தடை இருக்கவில்லை? ஹெஸன் போன்ற மாநிலங்களில் ஏற்கனவே சட்டம் இருந்தது. நோர்ட்றைன் வெஸ்ற்பாலனில் 2021 சனவரி 1 இல்தான் விஷமிருகச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி புதிதாக எவரும் வாங்கமுடியாது. ஏற்கனவே வைத்திருப்போர் பதிவு செய்யவேண்டும். முல்ஹைமின் 30 சென்ரிமீற்றர் பாம்பால் ஆகாததை ஹேர்னவின் தொலைக்காட்சிக் கமராக்கள் செய்தன. ஆகவே பரபரப்புச் செய்தி எல்லாம் வீண் என்றும் சொல்லமுடியாது. ஆனால் ஒரு சட்டம் பிறக்க ஒரு நாகம் படமெடுத்துக் காட்டவேண்டியிருப்பது ஆட்சிக்குப் பெருமையல்ல.

வளர்ப்பவர்களையும் மிருகங்களையும்போலவே பூதங்களாகக் காட்டும் பழக்கமும் இருக்கிறது. ஹம் நகரம் நம்மவர்க்குக் காமாட்சி அம்பாள் கோயிலால் தெரியும். 2002 இல் குடமுழுக்குக் கண்ட அக்கோயிலின் தேருக்கு ஐரோப்பாவெங்குமிருந்து சனம் வரும். அதே ஹம்மின் மண்டபத்தில் வருடத்தில் சில தடவை 'தெராறிஸ்ரிக்கா' என்னும் ஊர்வனச் சந்தை கூடும். ஐரோப்பாவெங்குமிருந்து அதற்கும் சனம் வரும். பாம்பும் பல்லியும் ஓட்டை போட்ட பிளாஸ்ரிக் பெட்டிகளில் அடுக்கி விற்கப்படும். வருபவர்களில் பெரும்பாலோர் அமைதியானவர்கள். ஒரு பல்லியின் வெப்பநிலையைப் பற்றி ஒருமணி நேரம் பேசக்கூடியவர்கள். அவர்களுள் சிலர் பொறுப்பற்றவர்கள். இந்தச் சிலரின் முகத்தை எல்லோருக்கும் ஒட்டிவிடுவது எவ்வளவு சுலபம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாமும் இதில் சுத்தமானவர்கள் அல்லர். நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கும் புதூர் நாகதம்பிரானுக்கும் பொங்கி வைத்த கையால், கோடிப்புறத்தில் ஊர்ந்த சாரையைத் தடியால் அடித்தவர்கள். சாரைக்கு விஷமில்லை, எலியைப் பிடிப்பது என்று தெரிந்தும் அடித்தோம்.

*

பத்திரிகையின் பயம் பெரும்பாலும் தவறான இடத்தில் வெளிச்சம் போடுகிறது என்பதற்குப் புளோரிடா ஓர் உதாரணம். வளர்ப்புக்கென்று இறக்குமதியாகி, தப்பியும் கைவிடப்பட்டும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின பர்மிய மலைப்பாம்புகள். நம் வழக்கில் சொன்னால் வெங்கிணாந்தி வகை. 2005 இல் அலிகேற்றரை விழுங்கி வயிறு வெடித்துச் செத்த ஒரு பாம்பின் படம் உலகைச் சுற்றியது. அடுத்தது மனிதர் என்ற தோரணையில் எழுதினார்கள். ஆனால் அந்தக் காட்டுப் பாம்புகள் மனிதரைக் கொல்லவில்லை. 2009 இல் அம்மாநிலத்தில் இரண்டு வயதுக் குழந்தையொன்றைக் கொன்றது வீட்டில் வளர்த்த பாம்பு. 2012 இல் வெளிவந்த ஆய்வு, பாம்புகள் நீண்டகாலம் நிலைத்த பகுதிகளில் றக்கூன் என்னும் பிராணியின் காட்சி 99 வீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாகக் காட்டியது. ஒரு காடு மெல்ல மௌனமாகிக்கொண்டிருந்தது. மௌனத்தைப் படம் பிடிப்பது கடினம்.

அதைவிடப் பெரிய மௌனம் ஒன்று இருக்கிறது. உலகில் வருடமொன்றுக்கு 81,000 முதல் 138,000 வரையான மக்கள் பாம்புக்கடியால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் வெறுங்காலோடு வயலில் நிற்பவர்கள். 2017 இல்தான் அந்நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் முன்வரிசையில் சேர்த்தது. ஆபிரிக்கப் பாம்புகளுக்கென இருந்த நல்லதொரு மாற்றுமருந்தின் உற்பத்தி அதற்கு முன்பே, 2014 இல், இலாபம் போதாதென்று கைவிடப்பட்டிருந்தது. 2016 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இலங்கையில் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 80,000 பேர் கடிபடுகிறார்கள். 460 பேரளவில் இறக்கிறார்கள். கோடைக்குழி எவ்வளவு ஆழமாக இருந்தும் இந்தத் தொகை அதற்குள் விழுந்ததாக நமக்கு ஞாபகமில்லை.

1994 இல் அந்தச் சமையலறையில், தலைமைச் சமையற்காரர் போனபின் வன்னி நண்பர் இன்னொன்றும் சொன்னார். அவருடைய அக்காவின் கணவர் சூடடிக்கும் காலத்தில் இரவு வயலில் காவல் கிடந்தவர். வைக்கோலுக்குள் கிடந்த புடையனை மிதித்துவிட்டார். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விடிந்துவிட்டது. மூன்றாம் நாள் சிறுநீரகம் நின்று செத்துப்போனார். "ஒரு பேப்பரிலும் வரேல்லை" என்றார் நண்பர். பிறகு ஸமியின் படத்தின் மேல் உருளைக்கிழங்குத் தோலைக் கொட்டிச் சுருட்டி வாளிக்குள் போட்டுவிட்டு, அடுத்த சாக்கை அவிழ்த்தார்.